கிழக்கிலங்கைக் கவிகளில் முதற்காதலும் துயரும்: ஒரு மதிப்பீடு

ஈழத்தின் கீழ்க்கரையில் மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் ஊர்களிலே 'கவி' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. புலவர் இயற்றிய செய்யுளை அது சுட்டுவதில்லை. நான்கு அடிகளிலே தொடங்கி முடிந்துவிடுவதும், இயற்றியவர் பெயர் அறியப்படாததும், பெரும்பாலும் காதலைப் பொருளாகக் கொண்டதுமான வாய்மொழிப் பாடலையே அது சுட்டும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய கடலோர ஊர்களிலும், உள்நாட்டிலே சம்மாந்துறை, இறக்காமம் ஆகிய ஊர்களிலும் வாழும் முஸ்லிம் மக்களிடையே இக்கவிகள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்துள்ளன. அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களுக்கும் இவ்வடிவத்திற் பங்குண்டு.

இக்கவிகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் மூன்று வழிகளுள் ஒன்றிற் செல்வன. உவமை நயத்தையும் பேச்சுமொழியின் இனிமையையும் எடுத்துக்காட்டிப் பாராட்டுவது ஒரு வழி. சங்க அகத்திணை மரபின் எச்சமாகக் கண்டு, தலைவி கூற்று, தோழி கூற்று எனத் துறை வகுப்பது இன்னொரு வழி. திருமணம், சீதனம், வேளாண்மை முதலிய வழக்காறுகளை அறிதற்குரிய சான்றுகளாகக் கொள்வது மூன்றாவது வழி. மூன்றும் பயனுடையனவே. ஆயினும் இம்மூன்றும் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு. இக்கவிகளிலே பேசும் பெண் எவ்வாறு வளர்கிறாள் என்பதே அவ்வினா.

சிதறிக் கிடக்கும் இக்கவிகளை ஒருங்குவைத்து நோக்கின், சிறுமி ஒருத்தி பெண்ணாவதன் கதை அவற்றினுள்ளே அடங்கியிருப்பதைக் காணலாம். அக்கதையிலே காதலும் துயரும் ஒரே அனுபவத்தின் இரு கூறுகளாக அமைந்துள்ளன. இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளாது கவிகளைத் தொகுப்பதும் மதிப்பிடுவதும் அவற்றின் உயிர்நிலையைத் தவறவிடுவதாகும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடிவமும் களமும்

அட்டாளைச்சேனையின் இருப்பிடம் இக்கவிகளின் உலகை விளங்கிக்கொள்ள உதவும். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். வயற்பரப்பை இப்பகுதியார் 'வட்டை' என்பர். வேளாண்மைக் காலத்தில் ஆடவர் ஊரைவிட்டு வட்டையிலே வாடி அமைத்துத் தங்குவதும், யானையும் பன்றியும் பயிரை அழியாதவாறு இரவிலே பரண்மீதிருந்து காவல் செய்வதும் நெடுங்கால வழக்கமாயிருந்தன. நித்திரை வராதிருக்கவும் தனிமை தீரவும் காவற்காரன் ஒருவன் கவி சொல்வான். தொலைவிலே மற்றொரு பரணில் இருப்பவன் வேறொரு கவியால் மறுமொழி கூறுவான். ஊரிலே பெண்கள் நெல்லுக் குற்றும்போதும் பன்பாய் இழைக்கும்போதும் தம்முள்ளே கவி சொல்வர். ஆகவே கவிக்கு இரு களங்கள் அமைந்தன. ஒன்று ஆணின் வட்டை. மற்றையது பெண்ணின் வளவு.

கவியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. பல கவிகளில் முதலிரண்டு அடிகள் நிலவையோ, மரத்தையோ, வீட்டிலுள்ள ஒரு பொருளையோ கூறும். பின்னிரண்டு அடிகள் உள்ளத்தைக் கூறும். இரண்டையும் இணைக்கும் உவமவுருபு பெரும்பாலும் இராது. இணைப்பது கேட்போர் கடன். மலாய் மக்களிடையே வழங்கும் 'பந்துன்' என்னும் நாலடிப் பாடலும் இத்தகைய அமைப்பை உடையது. இவ்வமைப்பு அழகு கருதி மட்டும் எழுந்ததன்று. வெளிப்படையாகப் பேச இயலாத ஒருத்திக்கு முதலிரு அடிகள் ஒரு மறைப்பாக உதவுகின்றன. உம்மா கேட்டால் அவள் நிலவைப் பாடினாள். கேட்க வேண்டியவன் கேட்டால் அவள் தன்னைப் பாடினாள். சொல்லவும் வேண்டும், சொல்லாதது போலிருக்கவும் வேண்டும் என்ற இளம்பருவத்து நிலைக்கு இதனிலும் பொருந்திய யாப்பைக் காண்டல் அரிது.

'மச்சான்' என்னும் சொல்

கவிகளிலே காதலனுக்குப் பெயரில்லை, காதலிக்கும் பெயரில்லை. அவன் மச்சான், அவள் மச்சி. அகப்பாடல்களிலே தலைமக்கள் பெயர் சுட்டப்படாமையை நினைந்து, இதுவும் அம்மரபின் தொடர்ச்சி என்று கூறி அமைவது எளிது. ஆனால் தலைவன், தலைவி என்பன புலவரும் உரையாசிரியரும் வழங்கிய பெயர்கள். எந்தப் பெண்ணும் தன் காதலனைத் 'தலைவா' என்று வீட்டிலே அழைத்ததில்லை. மச்சான் என்பதோ நாள்தோறும் வாயில் வழங்கும் உறவுப்பெயர். மாமாவின் மகனும் மச்சான்; மாமியின் மகனும் மச்சான்; உடன்பிறந்தாளின் கணவனும் மச்சான். கவியின் நுட்பம் முழுவதும் இச்சொல்லிலே தங்கியுள்ளது எனின் மிகையாகாது.

இப்பகுதியின் சமூக அமைப்பை அறிந்தாலன்றி இச்சொல்லின் பாரம் விளங்காது. இங்கே 'குடி' தாய்வழியாக வருவது. பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாக அமையும். மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வான். மாமன், மாமி பிள்ளைகளிடையே மணம் செய்தல் விரும்பப்பட்ட வழக்கு. இவ்வமைப்பை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2008 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே விரிவாக விளக்கியுள்ளார். தமிழரும் முஸ்லிம்களும் இவ்வகையில் ஒரே அமைப்பைப் பகிர்ந்து கொள்வதை அவர் எடுத்துக்காட்டுவர்.

ஏழு வயதுச் சிறுமி தன்னோடு முற்றத்திலே விளையாடும் மாமி மகனை மச்சான் என்றே அழைக்கிறாள். அச்சொல்லில் அப்போது யாதொரு கூச்சமும் இல்லை. அவள் பெரிய பிள்ளையானதும் வெளி முற்றம் அவளுக்கு விலக்கப்படுகிறது. அவனைக் கண்டால் உள்ளே செல்ல வேண்டும். அவன் முறைப்படி மணக்கத் தக்கவன் என்பதனாலேயே மறைந்திருக்க வேண்டியவளாகிறாள். அழைக்கும் சொல் மாறவில்லை, அதே மச்சான்தான். ஆனால் அச்சொல்லை உரத்துச் சொல்ல இப்போது அவளால் இயலாது. நேற்று விளையாட்டுத் தோழனைக் குறித்த சொல் இன்று உள்ளத்தை வெளிப்படுத்திவிடும் சொல்லாயிற்று.

கவியில் வயது எண்ணால் அளக்கப்படுவதில்லை. இந்த ஒரு சொல் தாங்கும் பாரத்தினாலேயே அளக்கப்படுகிறது. வேலிக்கு அப்பால் கேட்கும் காலடி, கிணற்றடியிலே நீர் அள்ளத் தாமதித்தல், கடப்படி வரை வந்து திரும்புதல் எனக் கவிகளிலே மீண்டும் மீண்டும் வரும் காட்சிகளை வெறும் கிராமியச் சூழல் வருணனை என்று கொள்வது போதாது. ஒரு பெண்ணுக்கு உரிய வெளி எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை அளக்கும் எல்லைக் கற்கள் அவை. முற்றத்திலிருந்து வேலிக்கும், வேலியிலிருந்து சாளரத்திற்கும் அவள் பின்வாங்கும்தோறும் அவள் காதல் வளர்கிறது. வளர்ச்சியும் இழப்பும் ஒருங்கே நிகழ்வதை இதனிலும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

அருகிருந்தும் பிரிதல்

அகத்திணையிற் பிரிவு என்பது பெரும்பாலும் தொலைவு. தலைவன் பொருள்வயிற் சுரம் கடந்து செல்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். கடற்கரை நிலமாகிய நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருளாயிற்று. கவிகளிலும் தொலைவுப் பிரிவு உண்டு. வட்டைக்குச் சென்றவன் திரும்பும் நாளை எண்ணுதல் அவற்றிற் பயின்று வருவதே. ஆயின் கவிகளின் ஆழ்ந்த துயர் வேறொன்று. காதலன் ஊரைவிட்டுப் போகாமலே அவளை விட்டுப் போகிறான்.

காரணம் பெரும்பாலும் வீடும் வளவும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க இயலாத குடும்பம், மாப்பிள்ளையை வேறொரு குடும்பத்திடம் இழக்கிறது. அவன் வேறு தெருவிலே வேறொருத்தியின் வீட்டிற்குச் சென்று வாழ்கிறான். பள்ளிவாசலுக்குப் போகும் வழியிலும் கந்தூரியிலும் கலியாண வீட்டிலும் அவனை அவள் காணவே வேண்டும். உறவு அறுவதில்லை. அவன் இப்போதும் மச்சான். காதலனாய் இருந்தபோது அழைத்த அதே சொல்லால், பிறள் கணவனான பின்பும், தன் வாழ்நாள் முழுவதும் அவனை அழைக்க அவள் கடமைப்பட்டவள். வேறு சமூகங்களிற் காதலர் பிரிந்தால் பெயரை மறக்க முயலலாம். இங்கே மொழியே மறக்க விடுவதில்லை.

இத்துயருக்கு உலகத்தார் முன்னிலையில் இடமில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். கணவனை இழந்தவளுக்கு இத்தா உண்டு. நான்கு மாதமும் பத்து நாளும் அவளுடைய துக்கத்தை ஊர் மதிக்கிறது. இறந்தோர்க்காக ஓலமிட்டு அழுதலை இஸ்லாமிய நெறி விரும்புவதில்லையாயினும், உரிமையுள்ளவளின் கண்ணீரை எவரும் தடுப்பதில்லை. மணமாகாத ஒருத்தி தான் உள்ளத்தில் வரித்தவனை மௌத்தாலோ பிறர் மணத்தாலோ இழந்தால், அவள் அழுவதற்குக் காரணமே கூற இயலாது. காரணம் கூறுவது தன்னைக் காட்டிக் கொடுப்பதாகும். உரிமையற்ற இத்துக்கத்திற்குக் கிடைத்த ஒரே இடம் கவியின் நான்கு அடிகள்.

பழந்தமிழ்ச் செய்யுள் மரபு காதலையும் மரணத் துயரையும் பிரித்து வைத்தது. கையறுநிலையும் தாபத நிலையும் புறத்திற்கு உரியனவாயின. அகம் மீளத்தக்க பிரிவோடு நின்றது. கவி இவ்வேலியை மதிப்பதில்லை. இக்காரணத்தினாலேயே அதனை அகத்திணையின் எச்சம் என்று மட்டும் கூறுவது பொருந்தாதாகின்றது.

யப்பானியக் கதை ஒன்று

பேராசிரியர் க. கைலாசபதியின் 'ஒப்பியல் இலக்கியம்' (1969) வெளிவந்த காலந்தொட்டு, தமிழிலக்கியத்தைப் பிற இலக்கியங்களோடு வைத்து நோக்கும் முறை ஈழத்துப் பல்கலைக்கழகங்களிலே வேரூன்றியுள்ளது. வீரயுகப் பாடல்களுக்குக் கிரேக்கத்தை நாடிய அம்முறை, இளம்பெண்ணின் காதலுக்கு யப்பானை நாடுவதில் தவறில்லை.

யப்பானிலே சிறுமியரையும் இளம்பெண்களையும் வாசகராகக் கொண்டு வெளிவரும் சித்திரத் தொடர்கதைகளை 'ஷோஜோ' வகை என்பர். முதற்காதல் அவ்வகையின் முதன்மைப் பொருள். அஷிஹாரா ஹினாகோ 2003 தொடக்கம் 2006 வரை எழுதி வரைந்த 'சுனாதொகேய்' அவற்றுட் குறிப்பிடத்தக்கது. தலைப்பின் பொருள் மணற்கடிகாரம். ஆன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, பெற்றோர் மணவிலக்குப் பெற்றபின், தாயோடு தலைநகரை விட்டுத் தாயின் ஊராகிய ஷிமானேக்கு வருகிறாள். அங்கே டைகோ என்னும் சிறுவனின் நட்புக் கிடைக்கிறது. சிறிது காலத்திலே தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொள்கிறாள். அத்துயரோடு வளரும் ஆன், டைகோவைக் காதலித்து, பிரிந்து, பெரியவளாகும் வரை கதை செல்கிறது. அத்தியாயங்கள் அவளுடைய வயதையும் பருவகாலத்தையும் தலைப்பிலே கொண்டுள்ளன. பன்னிரண்டு வயதின் குளிர்காலத்திலே தொடங்கும் கதையில், ஆண்டுகள் மணற்றுகள்போல எண்ணப்படுகின்றன.

இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும்போது ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் புலனாகின்றன. பெண்ணின் முதற்காதலைப் பெரியோர் புன்னகையோடு கடந்து செல்லும் சிறுபிள்ளைத்தனமாகக் கொள்ளாது, வாழ்நாள் முழுவதையும் நிர்ணயிக்கும் அனுபவமாகக் கொள்வது ஒற்றுமை. இரண்டிலும் துயரை அறிந்த பின்னரே பெண் தன்னை அறிகிறாள்.

வேற்றுமை காலத்தைப் பற்றியது. யப்பானியக் கதையிலே காலம் தொடர்கிறது. மணற்கடிகாரத்தைப் புரட்டி வைத்தால் கடந்தது வருவதாகும் என்ற ஆறுதலை அது வாசகருக்கு வழங்குகிறது. கவியிலோ 'பின்னர்' என்பதே இல்லை. ஒவ்வொரு கவியும் ஒரு கணம். வேலியோரம் நிற்பவள் என்றும் அங்கேயே நிற்கிறாள். ஆறுதல் கூறாமை கவியின் நேர்மை எனலாம். ஆனால் அவளுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று கூறாமை அதன் குறைபாடாகாதா? இவ்வினாவுக்கு விடை கவிக்குள்ளே இல்லை, தாலாட்டிலே உண்டு.

காதற்கவி சொன்ன அதே பெண் சில ஆண்டுகளின் பின் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். பிள்ளையின் மாமனைப் புகழ்கிறாள். மாமி தரும் சீரை எண்ணுகிறாள். மகளுக்கு வரப்போகும் மச்சானைப் பற்றி அவள் பாடும்போது, தான் ஒரு காலத்தில் அச்சொல்லை எவ்வாறு சொன்னாள் என்பதை மறந்திருப்பாள் என்று எவர் துணிந்து கூற வல்லார்? கவியிலே நின்ற காலம் தாலாட்டிலே நகர்கிறது. ஆனால் தொகுப்பு நூல்களிலே காதல், தாலாட்டு, ஒப்பாரி என்பன வெவ்வேறு தலைப்புகள். ஒரே பெண்ணின் வாழ்வு மூன்று அத்தியாயங்களாகத் துண்டிக்கப்பட்டு, அவற்றைப் பாடியவள் ஒருத்தியே என்பது மறைந்துவிடுகிறது.

குரல் யாருடையது?

இங்கே தடை ஒன்று எழுப்பப்படலாம். கவிகளிற் பல பரண்மீதிருந்த ஆடவர் பாடியவை. மச்சி தனக்காக ஏங்குகிறாள் என்று காவற்காரன் கற்பனை செய்து பாடியதைப் பெண்ணின் குரலாகக் கொள்வது எங்ஙனம்? இத்தடை நியாயமானது. அவளுடைய அழகையும் ஏக்கத்தையும் மட்டும் கூறி, அவனுடைய வருகையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று முடியும் கவிகள் ஆணின் விருப்பத்தையே காட்டுவனவாகலாம். அகப்பாடல்களிலும் தலைவி கூற்றைப் பாடிய புலவருட் பெரும்பாலோர் ஆடவரே.

ஆயினும் வேறொரு வகைக் கவிகள் உண்டு. உம்மாவை நோக்கிக் கூறப்படுபவை, ராத்தாவிடம் இரகசியம் உரைப்பவை, வீடும் வளவும் இல்லாமையை எண்ணிக் குமைபவை, அவன் சொன்ன சொல்லை நம்பிக் கெட்டதைக் கூறி அவனை நேரே ஏசுபவை என அவை பலவாகும். இவற்றில் ஆடவன் மகிழத்தக்கது எதுவுமில்லை. வளவுக்குள்ளிருந்தே இவை எழுந்திருத்தல் வேண்டும் எனக் கருதுவது பொருந்தும். பாடற்பொருளை மட்டும் நோக்காது, அது எவரை நோக்கிக் கூறப்படுகிறது என்பதை நோக்கினால் இரு குரல்களையும் ஓரளவு வேறுபிரித்தறியலாம். ஆண்குரற் கவிகள் மச்சியை நோக்கியவை. பெண்குரற் கவிகளுட் சிறந்தவை மச்சானை மட்டுமன்றிப் பெண்களையும் நோக்கியவை. துயரைப் பகிர்ந்துகொள்ள அவளுக்கு வாய்த்தவர்கள் அவர்களே.

தொகுப்பாளர் கடன்

கிழக்கிலங்கை வாய்மொழிப் பாடல்களை அச்சேற்றியோர் நன்றிக்குரியோர். வித்துவான் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பிரதேசப் பண்பாட்டை முழுமையாக நோக்க முற்பட்டது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முஸ்லிம் மக்களின் கவிகளையும் வழக்காறுகளையும் நெடுங்காலம் தேடித் தொகுத்தார். சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்னும் தொகுப்பிலே காதற்கவிகளைத் தனியே தந்தார். அது 2013 ஆம் ஆண்டு வெளிவந்தது. பெண் கவிஞர் ஒருவர் இப்பாடல்களைத் தம் முன்னோர் சொத்தாக ஏற்றுக்கொண்டமை இலக்கிய வரலாற்றிலே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

ஆயின் பொதுவாக நோக்குமிடத்து, நாட்டார் பாடல் என்றதுமே பாடியவர் பெயர் வேண்டாதது என்ற எண்ணம் நம்மிடையே நிலைத்துவிட்டது. பாடல் மக்களுக்குரியது என்பது உண்மையே. ஆனால் குறித்த ஒரு கவியை ஆயிரம் கவிகளுள்ளிருந்து தெரிந்து நெஞ்சிலே வைத்திருந்தவள் ஒரு தனிப்பெண். அவள் எந்தக் கவியை அடுத்து எந்தக் கவியைச் சொன்னாள், எதைச் சொல்லும்போது நிறுத்தினாள், யாரிடம் கற்றாள் என்பனவெல்லாம் அப்பாடலின் பொருளிற் சேர்ந்தவை. அவற்றை விடுத்து அடிகளை மட்டும் எடுத்தெழுதுவது, கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் கிழித்தெறிவதை ஒக்கும்.

காலமும் இடந்தரவில்லை. 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்வோர் தொகை பெருகியது. பிரிவின் தொலைவு வட்டையைக் கடந்து கடலையும் கடந்தது. யுத்தகாலத்திலே இரவில் வட்டைக்குச் செல்வதே அச்சத்திற்குரியதாயிற்று. அறுவடை இயந்திரங்கள் வந்தபின் வாடி வாழ்வும் குறைந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையிலே பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. வீட்டையும் வளவையும் வேலியையும் அடித்துச் சென்ற அந்நீர், கவியின் எல்லைக் கற்களையும் பெயர்த்தது எனலாம்.

மறுபுறத்தே, இவ்வூர்களின் பெண்கள் இன்று தம் பெயரிலே எழுதுகின்றனர். ஒலுவிலிலே பல்கலைக்கழகம் 1996 இல் அமைந்தபின் தம் ஊரிலிருந்தே உயர்கல்வி பெறுகின்றனர். யப்பானியச் சிறுமியின் கதையை மொழிபெயர்ப்பிலே படித்துக் கண்கலங்கும் மாணவிக்குத் தன் மூத்தம்மாவின் நான்கு அடிகளும் அதே பொருளைக் கூறின என்பது தெரியாதிருக்குமாயின், அக்குறை அம்மாணவியுடையதன்று. கவியைப் பழம்பொருளாகக் காட்சிக்கு வைத்துவிட்டு, அதிலே பேசியவளை வெளியே நிறுத்திய விமர்சன மரபின் குறையே அது.

எனவே இனிச் செய்யப்படும் தொகுப்பு, பொருளடிப்படையிலன்றிப் பாடுவோர் அடிப்படையில் அமைதல் வேண்டும். ஒரு முதியவள் அறிந்த காதற்கவியும் ஏசற்கவியும் தாலாட்டும், அவள் விரும்பினால் அவள் பெயரோடும், விரும்பாவிடின் ஊரும் வயதும் மட்டுமேனும் குறித்து, அவள் சொன்ன ஒழுங்கிலேயே பதியப்படுதல் வேண்டும். ஆபாசம் என்றோ ஊருக்கு இழுக்கு என்றோ கருதி எதனையும் நீக்கலாகாது. அவ்வாறு தொகுக்கப்படும்போது, நானூறு உதிரிப் பாடல்கள் என்று நாம் எண்ணியிருந்தவை இருபது பெண்களின் வாழ்க்கைக் கதைகளாக நம்முன் நிற்கக் கூடும். கவி அறிந்த மூதாட்டியர் இன்னும் சிலர் இக்கரையில் உள்ளனர். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதனிலும் அவசரமானது வேறில்லை.